விழுங்கும் வரை

நிமிஷத்துக்கு ஒரு படம், மொத்தம் நாற்பது படம், அதுவரை மேசையில் கை வைக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, முடிந்தால் தும்மக்கூடக் கூடாது என்று ஆராய்ச்சிக்கூடத்து ஜென்சி சொல்லிவிட்டாள். சொன்ன நிமிஷத்திலிருந்து மோனிஷாவுக்குத் தும்மல் வருகிற மாதிரியே இருக்கிறது. இதுவரை ஆறு படம். வெளியே பதினொரு மணி வெயில், உள்ளே இருட்டு, மைக்ராஸ்கோப் மெஷினுக்கு வெளிச்சம் ஆகாதாம், ஏசிக் குளிர் சுடிதார் கைக்குள் புகுந்து தோள் வரைக்கும் ஏறுகிறது. ஆம்பூரிலிருந்து சென்னை வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்த கால் இப்போதுதான் வலிக்கத் தொடங்குகிறது. எதிரே திரை. கறுப்பு, கறுப்புக்குள் நீளநீளமாக நான்கைந்து சாம்பல் நிழல், நிழலுக்குள் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள். "அதுதான் மக்களே, லோகேஷ்" என்று ஜென்சி காட்டினாள், நாகர்கோவில்காரி, வாஞ்சை வந்தால் யாரும் மக்களேதான், காட்டிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு "லோகேஷுக்க செல்லு" என்று திருத்தினாள். திருத்தாமலே இருந்திருக்கலாம். லோகேஷ் செத்து ஒன்பது மாசம் ஆகிறது. பாலாற்று ஓரம் மணலில் குழி தோண்டி அப்பா இறக்கி வைத்தார், பதினொரு வயசுப் பையன், வயிறு மட்டும் பெரிசு, மற்றதெல்லாம் ஆறு வயசுக்குத்தான் இருந்தது. அப்புறம் எப்படி இங்கே இருப்பான். இருக்கிறது அவன் தோல். தோலும் இல்லை, தோலிலிருந்து முளைத்தது, முளைத்ததிலிருந்து முளைத்தது, ஜென்சி பத்தொன்பது தடவை பிரித்துப் பிரித்து வளர்த்தது, அதில் அவன் கை பட்டது எது, அவன் முகம் எது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் உயிரோடு இருக்கிறது. அதுதான் தொல்லை. நாற்பது படம் முடிந்ததும் மோனிஷா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரி, இல்லாவிட்டால் வேணாம். சரி என்றால் ஜென்சி ஒரு மருந்தை ஊற்றுவாள், தட்டில் இருக்கிற அத்தனை செல்லும் செத்துப்போகும். லோகேஷுடையது என்று உலகத்தில் உயிரோடு இருப்பது, பொட்டு டப்பா அகலத்துக்கு இருக்கும் இந்த ஒரு கண்ணாடித் தட்டுதான்.

ஏழாவது படம். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பச்சைப் புள்ளி செல்லுக்குச் சொந்தமானது இல்லை, ஜென்சி செய்து உள்ளே அனுப்பியது, அளக்கிற பொடி. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் இரண்டாயிரம் பொடி வரிசையாக நிற்குமாம். அதை நம்ப மோனிஷாவுக்குக் கஷ்டமாக இருந்தது, அவள் ஷூ கம்பெனியில் தோல் தைக்கிறவள், அவளுக்குத் தெரிந்த சின்னது ஊசி முனைதான். "ஊசி போட்டு ஏத்துனீங்களாக்கா?" என்று கேட்டாள். "ஊசியா? ஊசியெல்லாம் அதுக்கு முன்னால உலக்கையாக்கும். மேல தூவி விட்டாப் போதும், செல்லு தானா விழுங்கிரும்." விழுங்கிரும். அந்த வார்த்தை வந்து மோனிஷாவின் நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டது, இறங்கவில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குப்பையைக் கரைக்கிற பை இருக்கிறது, பைக்குள் புளிப்பு இருந்தால்தான் குப்பை கரையும், விழுங்கின பொடி நேரே அந்தப் பைக்குள் போய் உட்காரும், பொடியில் இரண்டு நிறம், சிவப்பு எப்போதும் இருக்கும், பச்சை புளிப்பைக் கண்டால் மங்கும், ஆகவே நோய் இல்லாத நல்ல பிள்ளையின் செல் சிவப்பாகத் தெரியும். லோகேஷுடையது பச்சையாக இருக்கிறது. பையில் புளிப்புக் குறைச்சல், குப்பை கரையவில்லை, தேங்கித் தேங்கி நரம்பு போச்சு, வயிறு வீங்கிச்சு. இதையெல்லாம் ஜென்சி நன்றாகத்தான் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொல்லியிருந்தால் மோனிஷா பயாலஜியில் பதினெட்டு மார்க் வாங்கியிருக்க மாட்டாள். ஆனால் அவள் பாதிக்கு மேல் கேட்கவில்லை. விழுங்கிரும் என்றதோடு நின்றுவிட்டாள். தூவினால் போதும். தானாக விழுங்கும். புரை ஏறாது, கண் பிதுங்காது, யாரும் முதுகைத் தட்ட வேண்டாம். இவ்வளவு நன்றாக விழுங்குகிற நூறாயிரம் செல்லை வைத்துக்கொண்டு அவனால் ஒரு வாய் ரசஞ்சோறு விழுங்க முடியவில்லை. சொன்னால் யாராவது நம்புவார்களா.

இந்த "சாப்பாடு" விஷயத்தை ஜென்சிதான் கிளப்பிவிட்டாள், வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் செய்தாள். புதைத்த மூன்றாவது வாரம் அம்மா போன் போட்டாள், எம் புள்ள தோலு ஒண்ணு எடுத்துக்கினு போனியேம்மா, அதை இன்னா பண்ணுவீங்க, தூக்கிப் போட்டுடுவீங்களா என்று. இங்கே இவர்கள் செல்லை ஆள் மாதிரிதான் பேசுவார்கள், இன்னிக்கு நல்லா இருக்கான், இவ கொஞ்சம் சோர்ந்திருக்கா, சாப்பாடு மாத்தணும், செல் வளர்கிற ரோஸ் நிறத் தண்ணீரை மாற்றி ஊற்றுவதற்குப் பேர் சாப்பாடு. அதே வாயில் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள், "நல்லா இருக்கான்மா, நேத்துதான் சாப்பாடு வச்சேன்." போனை வைத்த பிறகு அம்மாவின் முகத்தை மோனிஷா பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அன்றைக்குத்தான் அம்மா மூன்று வாரத்துக்கு அப்புறம் தலை வாரிக்கொண்டாள். அதற்குப் பிறகு மாசா மாசம் அமாவாசை கழிந்த மறுநாள் போன், ஸ்பீக்கரில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "சாப்பிடறானாம்மா?" "சாப்பிடறான்மா." ஒரு தடவை மோனிஷாவுக்குப் பொறுக்கவில்லை. "அது அவன் இல்லம்மா, தோலு. நான் ஃபேக்டரில தைக்கிறேன் பாரு, அந்த மாதிரி." அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நீ தைக்கிறது உசுரோட கீதா?" "இல்ல." "இது உசுரோட கீதா?" "கீது." "அப்ப?" காலையில் கிளம்பும்போதுகூட அம்மா வாசல் வரைக்கும் வந்து, "எப்படி கீறான்னு நல்லா பாத்துட்டு வா, அவசர அவசரமா ஓடியாந்துடாத" என்று சொன்னாள். எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது. தம்பியைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மோனிஷா சொன்னாள். பொய் இல்லை. பாதி.

பன்னிரண்டா, பதிமூன்றா. எண்ணிக்கையை விட்டுவிட்டாள். ஒரு புள்ளி நகர்கிற மாதிரி இருந்தது, உற்றுப் பார்த்தால் நகரவில்லை, பார்வையை எடுத்தால் நகர்கிறது. லோகேஷும் அப்படித்தான், பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது, ஒரு மாசம் கழித்துப் பழைய போட்டோவைப் பார்த்தால்தான் எவ்வளவு போய்விட்டது என்று தெரியும். அஞ்சு வயசு வரைக்கும் ஓடினான். அப்புறம் விழுந்தான். அப்புறம் வார்த்தை ஒவ்வொன்றாகக் கழன்றது, முதலில் பெரிய வார்த்தை, அப்புறம் சின்ன வார்த்தை, கடைசியாக அக்கா என்றோ அம்மா என்றோ மிஞ்சியிருந்தால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், மிஞ்சியது பஸ்ஸு. பசித்தாலும் பஸ்ஸு, வலித்தாலும் பஸ்ஸு. அதுவும் போன பிறகு சத்தம் மட்டும். அப்பாவுக்கு லோடு வண்டி, அம்மாவுக்கு கம்பெனி, பகலில் அவனோடு ஒருத்தர் இருக்க வேண்டும், பிளஸ் ஒன் அரைப் பரீட்சைக்கு அப்புறம் மோனிஷா பள்ளிக்கூடம் போகவில்லை. தம்பிக்காகப் படிப்பை விட்ட பொண்ணு என்று தெருவில் சொல்வார்கள், கேட்டால் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் அவளுக்குப் படிப்பு வரவே இல்லை, நிற்க ஒரு சாக்குக் கிடைத்தது என்று முதல் வாரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து அவனை வெறுத்தாள். அதுவும் உண்மை. குளிப்பாட்டுவாள், பவுடர் போடுவாள், கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவாள், அதே கையோடு, நீ செத்தாத்தான்டா எனக்கு விடிவு என்று சிரித்துக்கொண்டே சொல்வாள், அவனும் சிரிப்பான். குரலைக் கேட்டுச் சிரிக்கிறவன், அர்த்தத்தைக் கேட்டு இல்லை. தோல் எடுத்த அன்றைக்கும் சிரித்தான். உள்கையில் மரத்துப்போகிற மருந்தைப் போட்டு அரிசி அளவுக்கு ஒரு துண்டை எடுத்தார்கள், ஜென்சி அதை ரோஸ் தண்ணீர் பாட்டிலில் போட்டாள், அவன் அந்த ரோஸைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தான், எச்சில் வழிந்தது, ஜென்சி தன் துப்பட்டாவால் துடைத்தாள். டிஷ்யூ பக்கத்திலேயே இருந்தது, துப்பட்டாவால் துடைத்தாள். அதற்காகவே மோனிஷா அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"இருவத்தி ரெண்டு" என்றாள் ஜென்சி இருட்டில். பிறகு, திரையைப் பார்த்தபடியே, "ஒண்ணு சொல்லணும் மக்களே. போன்ல சொல்ல ஏலல. ஏன் இந்த ஒரு தட்டு மட்டும் மிச்சம்னு நீ கேக்கவே இல்ல." கேட்கத் தோன்றவில்லை, மோனிஷா அதை இயற்கை என்று நினைத்திருந்தாள், எல்லாம் ஒரு நாள் ஒன்றாகக் குறையும்தானே. "பன்னெண்டு குழாய்ல உறைய வச்சிருந்தேன். நைட்ரஜன் கேன் உண்டு, ஐஸைவிட எத்தனையோ மடங்கு குளிரு, அதுல வச்சா வருஷக்கணக்கா தூங்கும், எப்ப வேணாலும் எழுப்பலாம். நைட்ரஜன் ஆவியாப் போய்க்கிட்டே இருக்கும், ரெண்டு நாளைக்கு ஒருக்க ஊத்தணும். ஊத்திட்டு சீட்டுல டிக் போடணும். பொங்கல் லீவுக்கு என் முறை. நான் நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல எல்லா நாளுக்கும் சேத்து முன்னமே டிக் போட்டுட்டேன். கூட வேல பாக்குற அனீஷ் சென்னைலதான இருப்பான், அவன் ஊத்துவான்னு நெனச்சேன். அவன் வந்தான், டிக்கைப் பாத்தான், நான் ஊத்திட்டேன்னு நெனச்சுப் போயிட்டான். திரும்பி வந்து மூடியத் திறந்தேன். புகையே வரல. எல்லாருக்க செல்லும் போச்சு. மத்தவங்களுக்கு வேற இடத்துல காப்பி இருந்துச்சு. லோகேஷுக்கு அப்ப வளந்துக்கிட்டு இருந்த இது மட்டும்தான்." கத்தலாம். கத்தினால் மேசை ஆடும். பஸ்ஸு. அந்த வார்த்தைதான் முதலில் வந்தது, வந்து போயிற்று. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது, விட்டால் நியாயம்தான், அம்மா இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், ஆனால் மோனிஷாவின் கை மடியிலேயே கிடந்தது, எழும்பவில்லை, ஏன் எழும்பவில்லை என்று அதற்குத் தெரியும். இவளால் எப்படி இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது. சுலபமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சொல்லிவிட்டாள். முன்னமே டிக் போட்டேன். நான்தான். முடிந்தது. வாயைத் திறந்தால் வந்துவிடுகிற மூன்று வார்த்தை. "அம்மாட்ட சொல்லிடாதீங்க" என்றாள் மோனிஷா. ஜென்சி, "சொல்லாம எப்படி" என்றாள். அதுவும் சரிதான்.

எப்படி என்றா கேட்கிறாள். ஒன்பது மாசமாகச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று மோனிஷாவைக் கேட்டால் சொல்லித் தருவாள். அது ஒன்றும் கஷ்டமில்லை. காலையில் எழுந்து பல் தேய்க்க வேண்டும், கம்பெனிக்குப் போக வேண்டும், மேல்தோலும் உள்தோலும் சேர்த்துத் தைக்க வேண்டும், யாராவது தம்பி பேச்சை எடுத்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், பாவம் ரொம்பப் பாசம் என்பார்கள். சொல்லாமல் வைத்திருப்பது ஒரு ஸ்பூன். இல்லை, இரண்டு, இரண்டாவதுதான். முதல் ஸ்பூன் வாய்க்குள் சரியாகத்தான் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார், வாயைப் பார்க்காதே, தொண்டையைப் பார், தொண்டையில் மேடு ஏறி இறங்கும், இறங்கின பிறகு அடுத்தது, அவன் வாயைத் திறந்து கேட்டாலும் இறங்காமல் கொடுக்காதே. அரைக் கிண்ணம் சோற்றுக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் ஒரு தொண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது என்னவென்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், மேடு ஏறும், நிற்கும், இறங்காது, ஈ வந்து உட்காரும், பக்கத்து வீட்டு டீவியில் சீரியல் முடிந்து அடுத்த சீரியல் வரும், மேடு அப்படியே நிற்கும். அன்றைக்கு வெளியே சிநேகிதி ஷபானா ஸ்கூட்டியை நிறுத்தாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுத் துணிக்கடை திறப்பு, முதல் நூறு பேருக்கு பிளாஸ்டிக் பக்கெட் இலவசம். பக்கெட். சினிமா இல்லை, காதல் இல்லை, வேலை இல்லை, பக்கெட். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார், நீ கிளம்பும்மா நான் பாத்துக்கிறேன் என்றார், இருப்பா ரெண்டு வாய்தான் என்றாள், ரெண்டு வாயை முடித்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மேடு நின்றுகொண்டிருந்தது, பார்த்தாள், பார்த்தாள் என்பதுதான் விஷயம், பார்க்காமல் செய்யவில்லை, அவன் வாயைத் திறந்தான், இரண்டாவது ஸ்பூனை உள்ளே வைத்தாள். இருமினான். முகம் சிவந்தது. அப்பா முதுகைத் தட்டினார், சரியாகிவிட்டது, எப்போதும் ஆகிறதுதானே, அவள் போனாள். எழுபத்தெட்டாவது ஆள். நீலப் பக்கெட். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சுக்குழாயில் எதுவோ இறங்கி நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள், இந்தப் பிள்ளைங்களுக்கு இப்படித்தாம்மா முடியும், யார் மேலயும் தப்பு இல்ல என்று டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார், அம்மா தலையாட்டினாள், அப்பா தலையாட்டினார், மோனிஷாவும் ஆட்டினாள். அந்த ஸ்பூன்தானா, இல்லை முந்தின வாரம் அம்மா ஊட்டியதா, இல்லை தூக்கத்தில் எச்சில் இறங்கியதா, யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது, செல்லுக்குள் ஒரு பைக்குள் எவ்வளவு புளிப்பு என்று பார்க்கப் பொடி கண்டுபிடித்திருக்கிறார்கள், இதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கெட்டில்தான் இப்போதும் குளிக்கிறாள். தூக்கிப் போட்டால் ஏன் போட்டாய் என்று கேட்பார்களே.

நாற்பது. டிக். ஜென்சி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள், திரை வெளிச்சத்தில் முகத்தில் பாதி பச்சையாக இருந்தது. "இப்பப் பாத்தது வெறும் நெறம் மக்களே. இந்தப் பச்சைக்கு எவ்வளவு புளிப்புன்னு தெரியணும்னா, இதே செல்லுக்குள்ள இவ்வளவு புளிப்பு இருந்தா இவ்வளவு பச்சைன்னு ஒரு அளவு எடுக்கணும். அதுக்கு செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் புளிப்பை ஒண்ணாக்குற மருந்து ஊத்தணும். அது ஊத்துனா..." "தெரியும், செத்துடும். வேற யாரோட செல்லுலயாவது அளவு எடுத்துக்கக் கூடாதா?" "எடுக்கலாம். அது அவங்க அளவு. இவனுக்குச் செரியா உக்காராது." "ஊத்தலன்னா?" "இன்குபேட்டர்ல வைப்பேன். சாப்பாடு..." நிறுத்திக்கொண்டாள். "தண்ணி மாத்துவேன். இதுக்கு மேல பெருகாது, வயசாயிட்டு. வீங்கும். மூணு வாரம், நல்லா இருந்தா நாலு வாரம்." "நம்பர் கெடச்சா அதால யாருக்குப் புண்ணியம்?" "பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கே மருந்து வந்துராது. இதே மாதிரி பிள்ளைங்களுக்கு மருந்து தேடுறவங்க, மருந்தால பை புளிக்குதா இல்லையான்னு பாக்கணும். எவ்வளவு குறைச்சல்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு கூட்டணும்னு தெரியும். தப்பு நான் செஞ்சது, அதனால நீ சங்கடப்பட்டு சரின்னு சொல்லண்டாம். வேண்டாம்னா வேண்டாம். உன் அம்மைக்காக வச்சிருப்பேன்."

மூன்று வாரம். மூன்று வாரம் கழித்து அமாவாசைக்கு மறுநாள் அம்மா போன் போடுவாள், சாப்பிடறானாம்மா, ஜென்சி என்ன சொல்வாள், சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போது மோனிஷா பக்கத்தில் நின்று ஒன்றும் தெரியாத மாதிரி தலையைக் குனிந்துகொள்ளலாம், நன்றாகப் பழகின வேலை. வேணாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம். யாரும் குறை சொல்ல முடியாது. தானாக வீங்கி, தானாக உதிர்ந்து, யார் மேலயும் தப்பு இல்ல. சரி என்று சொன்னால் இன்னொரு தடவை இவள்தான், இன்னொரு தடவை இந்தக் கைதான், அவன் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. அங்கே வாயே இல்லை. தொண்டை இல்லை, மேடு இல்லை, சிரிப்பு இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஏறவோ இறங்கவோ ஒன்றும் இல்லை. நாற்பது நிமிஷமாக அவனைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவன் இங்கே இல்லை, அவன் போய்விட்டான், இருந்த ஆள் போயாச்சு. இது அவள் முன்னமே அம்மாவிடம் சொன்னதுதான், தோலு என்று, ஆனால் சொன்னவளே நம்பாமல்தான் ரயில் ஏறியிருக்கிறாள், இங்கே வந்து அவனைப் பார்த்து, பார்த்து என்ன, மன்னிப்புக் கேட்கவா. ஒரு தட்டிடமா. அழுகை வந்தது, தும்மல் மாதிரி அடக்கிப் பார்த்தாள், நாற்பதுதான் முடிந்துவிட்டதே, மேசை ஆடினால் ஆடட்டும் என்று அழுதாள். ஜென்சி தொடவில்லை, மணியைப் பார்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மோனிஷா, "அவசரம் இல்லையே உங்களுக்கு?" என்று கேட்டாள். "இல்ல." "சாயந்திரம் வரைக்கும் இருக்கலாமா?" "இருக்கலாம்." இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பச்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஓரத்தில் தனியாக இருந்ததையும் விடவில்லை. பிறகு, "ஊத்துங்கக்கா" என்றாள்.

அந்த மருந்து கலந்த ஐந்து குப்பி. ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் புளிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம் விட்டுப் படம். முதல் குப்பியில் பச்சை கூடியது, திரையே பளிச்சென்றது, ஒரு நொடி மோனிஷாவுக்கு உயிர் வந்துவிட்டது போல இருந்தது, அது மருந்து. இரண்டாவதில் கொஞ்சம் மங்கியது. "மூணு நிமிஷம் போதும், நிலைச்சிட்டு" என்றாள் ஜென்சி. "அஞ்சுன்னீங்கல்ல. அஞ்சு இருக்கட்டும்." ஜென்சி கையை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது. நான்காவது குப்பியில் பச்சை போய்க்கொண்டே இருந்தது, அடியில் இருந்த சிவப்பு மேலே வந்தது, ஓரத்துப் புள்ளி, நடுப் புள்ளி, ஒவ்வொன்றாக, கடைசியில் எல்லாம் சிவப்பு, அடக்கமான, கண்ணை உறுத்தாத சிவப்பு. ஜென்சி எதையோ சொல்ல வாயெடுத்து வேண்டாம் என்று விட்டாள். "சொல்லுங்க" என்றாள் மோனிஷா. "ஒண்ணுமில்ல. நல்ல பிள்ளைங்களுக்க செல்லு, உயிரோட இருக்கும்போது, இப்படித்தான் இருக்கும்." மோனிஷா திரையைப் பார்த்தாள். அப்படியானால் இது ஓடுகிற லோகேஷ். பள்ளிக்கூடம் போகிற, ஷூவைக் கழற்றி எறிகிற, அக்காவைத் திட்டுகிற, தன் சோற்றைத் தானே வாரி வாயில் போட்டுக்கொள்கிற லோகேஷ் இந்த நிறத்தில்தான் இருந்திருப்பான். ஐந்து நிமிஷம் இருந்தான். ஐந்தாவது குப்பியில் சாம்பல் நிழல்கள் சுருங்கி விளிம்பு உடைந்தன, சிவப்பும் கலைந்து தண்ணீரில் மிதந்தது, இதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை என்று ஜென்சி சொல்லாமலே தெரிந்தது.

"அஞ்சு புள்ளி எட்டு" என்றாள் ஜென்சி, கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு. நாலரை இருக்க வேண்டுமாம், எண் கூடினால் புளிப்புக் குறைச்சல் என்று அர்த்தமாம். அந்த எண் ஏதாவது சொல்லும் என்று மோனிஷா காத்திருந்தாள் என்பது எண் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. எப்படியும் செத்திருப்பான் என்று சொல்லும், இல்லை உன்னால்தான் என்று சொல்லும். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பைக்குள் புளிப்புக் குறைச்சல் என்று சொன்னது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்தாள், வெளிச்சம் கண்ணில் குத்தியது. போன் அடித்தது. அம்மா. கம்பெனியில் சாப்பாட்டு நேரம், பின்னால் டிபன் டப்பா சத்தமும் பெண்கள் பேசுகிற சத்தமும்.

"பாத்தியாடி? எப்படி கீறான்?"

நல்லா கீறான் என்று சொல்லத்தான் ரயிலிலேயே வாயில் எடுத்து வைத்திருந்தாள்.

"இல்லம்மா. முடிஞ்சிடுச்சு. பரிசோதன பண்ணணும்னா சாவணும்னு சொன்னாங்க. நான்தான் சரின்னேன்."

பின்னால் யாரோ ஊறுகாய் கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள். அம்மா எழுந்து எங்கேயோ தள்ளிப்போனாள், சத்தம் குறைந்தது, மூச்சு மட்டும் கேட்டது.

"ஏன்டி" என்றாள் கடைசியில், கோபமே இல்லாமல். "அப்படி இன்னா அவசரம் உனுக்கு?"

"இன்னிக்கி அவசரப்படலம்மா. ரொம்ப நேரம் இருந்தேன்." மோனிஷா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கிதான்."

"என்னிக்கி?"

"வச்சிடாதம்மா. சொல்றேன். அன்னிக்கி மொத ஸ்பூனு அவனுக்கு எறங்கல. நான் பாத்தேன்."